காரணப் பெயர்கள்

பெயர்ச் சொற்களை இடுகுறிப் பெயர் என்றும் காரணப் பெயர் என்றும் பிரிப்பது நம் இலக்கண மரபு. பள்ளியில் படித்த இப்பாகுபாட்டை ஊர்ப் பெயர்களுக்குப் பொருத்திப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். காரணம் இல்லாமல் அமைந்த ஊர்ப் பெயர் மிக அரிது. காரணம் மறந்து போன ஊர்ப் பெயரோ மிகப் பல. ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலில் நம் ஊர்ப் பெயர்கள் பலவற்றின் காரணங்களைத் தேடித் தந்தார். அந்தக் கண்ணோடு கடல் கடந்த ஒரு நிலத்தை இங்கே காண்போம்.

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக் கரையில் அமைந்தது வாஷிங்டன் மாநிலம். அங்கே நம் மாவட்டத்தை ஒத்த பிரிவுக்குக் கவுண்டி என்று பெயர். மாநிலத்தில் 39 கவுண்டிகள் உள்ளன.

மாநிலத்தின் பெயரே ஒரு வேடிக்கையான கதை. கொலம்பியா ஆற்றுக்கு வடக்கே குடியேறிய மக்கள், ஒரிகன் ஆட்சிப் பகுதியிலிருந்து தங்களைப் பிரித்துக் 'கொலம்பியா' என்னும் பெயரில் தனிப் பகுதியாக்க வேண்டும் என்று கேட்டனர். அது தலைநகர் அமைந்த கொலம்பியா மாவட்டத்தோடு குழப்பம் விளைவிக்கும் என்று அமெரிக்கப் பேரவையில் ஓர் உறுப்பினர் எடுத்துரைத்தார். 1853-ல் 'வாஷிங்டன்' என்ற பெயர் முடிவாயிற்று. அன்று தொடங்கி, வாஷிங்டன் என்றதும் "மாநிலமா, தலைநகரா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. குழப்பத்துக்கு அஞ்சிச் சூட்டிய பெயரே குழப்பத்துக்கு வித்தாயிற்று!

இனிக் கவுண்டிகளுக்கு வருவோம். 39 பெயர்களில் 16 பெயர்கள் அம்மண்ணின் பழங்குடி மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. அவற்றுள் பல நீரைக் குறிப்பன. ஷெலான் என்றால் ஆழ்ந்த நீர். அங்குள்ள ஏரியின் ஆழம் ஏறத்தாழ 450 மீட்டர். பெயரிட்டவர்கள் அளந்து பார்க்காமலே அறிந்திருந்தார்கள். ஸ்கமேனியா என்பது விரைந்தோடும் நீர். வாலா வாலா என்பதும் ஆறுகளைச் சுட்டும் சொல்லே. ஸ்போகேன், ஸ்னோஹோமிஷ், கிளிக்கிட்டாட் போன்றவை மக்கள் இனங்களின் பெயர்கள். நிலத்தோடு வாழ்ந்தவர்கள் நிலத்தைப் பார்த்துப் பெயரிட்டார்கள் என்பது இவற்றால் தெளிவாகிறது.

மற்றொரு தொகுதி, தொலைவில் இருந்த தலைவர்களின் பெயர்கள். ஆடம்ஸ், ஜெபர்சன், பியர்ஸ், லிங்கன், கிராண்ட், கார்பீல்ட் என்னும் ஆறு குடியரசுத் தலைவர்கள் இப்படத்தில் இடம் பெற்றிருக்கின்றனர். ஜெபர்சன் அனுப்ப, 1804-ல் மேற்கு நோக்கிப் புறப்பட்டு, 1805-ல் பசிபிக் கடலைக் கண்டவர்கள் லூயிஸ், கிளார்க் இருவர். அவர்களுக்கும் கவுண்டிகள் உண்டு. ஆனால் கிளார்க் கவுண்டியின் பெயரில் வேண்டாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பிழையை நீக்க 1925 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏட்டில் ஏறிய பிழை எவ்வளவு பிடிவாதமானது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாம் தொகுதி, உள்ளூர் ஆட்சியில் இருந்தவர்களின் பெயர்கள். ஐசக் ஸ்டீவன்ஸ் இப்பகுதியின் முதல் ஆளுநர். 1854, 1855 ஆண்டுகளில் பழங்குடித் தலைவர்களோடு உடன்படிக்கைகள் செய்து, பரந்த நிலங்களை அமெரிக்க அரசுக்கு ஒப்படைக்கச் செய்தவர் இவரே. நிலத்தைப் பெற்றவர் பெயரால் ஒரு கவுண்டி. நிலத்தை இழந்தவர் பெயர்களால் அதைச் சுற்றிலும் பல கவுண்டிகள். நாட்டுப் படம் இரண்டையும் ஒரே மையில் அச்சிட்டு வைத்திருக்கிறது.

பெயரை வைத்துக்கொண்டதால் மக்களை மதித்ததாக ஆகுமா? ஆகாது என்பதற்கும் இங்கே சான்று உண்டு. உடன்படிக்கைகளில் பழங்குடியினர் தங்கள் பழைய துறைகளில் மீன் பிடிக்கும் உரிமையை விட்டுக் கொடுக்கவில்லை. ஆயினும் அந்த உரிமைக்காக அவர்கள் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. 1974-ல்தான் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. யாக்கிமா இனத்தார் 1994-ல் தங்கள் பெயரின் எழுத்தை 1855 உடன்படிக்கையில் உள்ளபடி 'யாக்கமா' என்று திருத்திக்கொண்டனர். கவுண்டியோ இன்றும் யாக்கிமாவாகவே இருக்கிறது.

பெயர் மாறிய கவுண்டிகளும் சில உண்டு. 1857-ல் ஒரு கவுண்டிக்கு ஸ்லாட்டர் என்று பெயரிட்டனர். பழங்குடியினரோடு நடந்த போரில் 1855-ல் மாண்ட ஒரு படை அதிகாரியின் பெயர் அது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் படுகொலை என்றும் பொருள் உண்டு. "நீர் எந்த ஊர்?" என்று கேட்டால் "படுகொலை" என்று விடை சொல்ல யார்தான் விரும்புவர்? அதே ஆண்டில் வாக்காளர்கள் அப்பெயரை நீக்கிக் கிட்சாப் என்று மாற்றினர். கிட்சாப் என்பவர் சுக்குவாமிஷ் என்னும் பழங்குடியின் தலைவர். போரில் மாண்ட வீரரின் பெயர் இருந்த இடத்தில், எதிர்த்தரப்பு மக்களின் தலைவர் ஒருவருடைய பெயர் வந்து அமர்ந்தது.

எல்லாவற்றிலும் சிந்தனைக்குரியது கிங் கவுண்டி. சியாட்டில் நகரம் இதில்தான் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை 22 லட்சத்துக்கும் மேல். 1852 டிசம்பரில் ஒரிகன் சட்டமன்றம், அவ்வாண்டுத் தேர்தலில் வென்றவர்களின் பெயர்களை இரு கவுண்டிகளுக்குச் சூட்டியது. தலைவராக வென்றவர் பியர்ஸ். துணைத் தலைவராக வென்றவர் வில்லியம் ரூபஸ் கிங். நோயுற்றிருந்த கிங், கியூபா தீவில் பதவிப் பிரமாணம் செய்துகொண்டு, 1853 ஏப்ரலில் அலபாமாவில் இருந்த தம் தோட்டத்துக்குத் திரும்பி உயிர் நீத்தார். அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்கள் அடிமைகள்.

நூற்றாண்டு கடந்தது. 1986-ல் கிங் கவுண்டி மன்றம் ஒரு தீர்மானம் கொண்டு வந்தது. கவுண்டியின் பெயர் கிங் என்றே இருக்கட்டும். ஆனால் அது இனிமேல் மார்ட்டின் லூதர் கிங்கைக் குறிக்கட்டும் என்பதே அத்தீர்மானம். ஐவர் ஆதரித்தனர், நால்வர் எதிர்த்தனர். மாநிலச் சட்டம் 2005-ல் அதை ஏற்றது. ஓர் எழுத்தும் மாறவில்லை; பொருள் மட்டும் மாறியது. இரட்டுற மொழிதலில் பழகிய நமக்கு இது புதுமையன்று. புலவர் பாட்டில் செய்வதை இவர்கள் அரசாணையில் செய்தார்கள்.

இவ்விரு கிங்குகளையும் இணைக்கும் ஊர் ஒன்றும் உண்டு. அலபாமாவில் உள்ள செல்மா நகரை நிறுவியவர்களுள் ஒருவர் வில்லியம் கிங். அதற்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அதே செல்மாவிலிருந்துதான் 1965-ல் மார்ட்டின் லூதர் கிங் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக மாண்ட்காமரிக்கு நடைப் பயணம் நடத்தினார். காந்தியடிகளின் நாட்டைக் காண 1959-ல் வந்து, ஏறத்தாழ ஒரு மாதம் இங்கே பயணம் செய்து, கன்னியாகுமரிக் கடலையும் கண்டு சென்ற அதே கிங்தான்.

"வெறும் பெயர்தானே, எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்பவர் உண்டு. அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பெயர் மாற்றத்தால் ஒருவருக்கும் வீடு கிடைக்காது, கூலி உயராது. யாக்கிமாவின் கதையே அதை உணர்த்துகிறது. ஆனால் அடிமைகளை வைத்திருந்தவரின் பெயரை ஒவ்வொரு நாளும் தன் முகவரியில் எழுத வேண்டிய கறுப்பின மாணவனை எண்ணிப் பாருங்கள். அவனுக்கு அது வெறும் பெயராக இருந்திருக்குமா?

முன்னோர் சூட்டிய பெயருக்கு நாம் பொறுப்பல்லோம். ஆனால் அதன் காரணத்தை அறிந்த பிறகு அதை எந்தப் பொருளில் வழங்குகிறோம் என்பதற்கு நாமே பொறுப்பு. நாட்டுப் படங்களைப் பாடப் புத்தகத்தில் மனப்பாடம் செய்யும் நண்பர்களே, ஒரு பெயரைப் படிக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: இதைச் சூட்டியவர் யார்? அப்போது கேட்கப்படாதவர் யார்? விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, உங்கள் தெருவின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.