கலவையும் சேர்வையும்: ஆனையிறவும் பரந்தனும் கற்பிக்கும் பாடம்



கலவைக்கும் சேர்வைக்கும் உள்ள வேறுபாடு யாது என்ற வினாவுக்கு, "கலவையைப் பிரிக்கலாம், சேர்வையைப் பிரிக்க முடியாது" என ஒரு வரியில் விடை எழுதிவிடுவோர் உளர். இவ்விடை பாதி சரி, பாதி பிழை. சேர்வையையும் பிரிக்கலாம். ஆனால் பிரிக்கும் வழி வேறு, பிரித்தபின் கையிற் கிடைக்கும் பொருள்களும் வேறு. இந்த வேறுபாட்டைத் தெளிவாக அறிந்துகொண்டால் பரீட்சையில் புள்ளி பெறலாம் என்பது மட்டுமன்று, வீட்டில் குடிக்கும் தண்ணீரைப் பற்றியும் சரியான முடிவெடுக்கலாம். ஆகவே இப்பாடத்தைப் பெற்றோரும் பிள்ளைகளுடன் சேர்ந்து வாசிப்பது நன்று.

மூலகம், சேர்வை, கலவை

ஒரே வகை அணுக்களால் ஆன பொருள் மூலகம். இரும்பு, கந்தகம், ஒட்சிசன், சோடியம் என்பன மூலகங்கள். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மூலகங்கள் திட்டமான விகிதத்தில் இரசாயன முறையில் இணைந்து உண்டாகும் புதிய பொருள் சேர்வை. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பொருள்கள் ஒன்றோடொன்று இணையாமல், எந்த விகிதத்திலேனும் கூடிக் கிடப்பது கலவை.

இரும்புத்தூளையும் கந்தகத்தூளையும் ஒரு தாளில் கொட்டிக் கலந்தால் கிடைப்பது கலவை. அதன்மேல் காந்தத்தைப் பிடித்தால் இரும்பு காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும், கந்தகம் தாளிலேயே தங்கிவிடும். இரும்பு இரும்பாகவும் கந்தகம் கந்தகமாகவும் இருப்பதாலேயே இது இயலுகிறது. இனி, 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் என்ற அளவிற் கலந்து வன்மையாகச் சூடாக்கினால் இரண்டும் இணைந்து கருமையான இரும்புச் சல்பைட்டு உண்டாகும். கந்தகத்தின் மஞ்சள் நிறம் இப்போது இல்லை. காந்தத்தைக் கொண்டு இரும்பைப் பிரித்தெடுக்கவும் முடியாது. இது சேர்வை. (கந்தகம் எரியும்போது நச்சுப்புகை எழும். ஆகையால் இதை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே செய்யவேண்டும்.)

நாம் நாள்தோறும் உண்ணும் உப்பு இதற்கு இன்னும் நல்ல எடுத்துக்காட்டாகும். சோடியம் நீர்பட்டால் மூர்க்கமாகத் தாக்கமுறும் மென்மையான உலோகம். குளோரீன் மஞ்சட் பச்சை நிறமுடைய நச்சுவாயு. முதலாம் உலகப் போரில், 1915ஆம் ஆண்டில், இவ்வாயுவைப் படைக்கருவியாகவே பயன்படுத்தினர். இவ்விரண்டும் இணைந்த சோடியம் குளோரைட்டோ நம் கறிக்குச் சுவை கூட்டுகிறது. சேர்வையில் மூலகங்களின் பழைய இயல்புகள் மறைந்து புதிய இயல்பு தோன்றும் என்பது இதனாற் புலனாகும். மேலும், உப்பு எங்கே விளைந்ததாயினும் 58.5 கிராம் தூய சோடியம் குளோரைட்டில் 23 கிராம் சோடியமும் 35.5 கிராம் குளோரீனும் இருக்கும். இந்த விகிதம் மாறவே மாறாது. கடல்நீரிலுள்ள உப்பின் அளவோ இடத்துக்கு இடம் மாறும், மழைக்கும் வெயிலுக்கும் மாறும். ஏனெனில் கடல்நீர் ஒரு கலவை.

அடுக்களையே ஆய்வுகூடம்

கலவையைப் பிரிப்பதற்கு ஒரே விதி உண்டு. கலந்திருக்கும் பொருள்கள் எந்த இயல்பில் வேறுபடுகின்றன என்று கண்டுபிடி, அந்த வேறுபாட்டைப் பயன்படுத்து. நம் தாய்மார் இந்த விதியைப் பெயர் சொல்லாமலே கையாண்டு வருகின்றனர்.

சுளகில் நெல்லைப் புடைக்கும்போது பாரத்தில் உள்ள வேறுபாட்டால் பதர் பறக்கிறது, மணி தங்குகிறது. அரிதட்டில் மாவை அரிக்கும்போது துணிக்கைகளின் பருமன் வேறுபாடு உதவுகிறது. அரிக்கன் சட்டியில் அரிசியை அலசும்போது, அடர்த்தி கூடிய கல் சட்டியின் வரிகளில் தங்க, அரிசி நீரோடு அடுத்த சட்டிக்குப் போகிறது. தேநீரை வடிக்கும்போது கரையாத தேயிலை வடியில் தங்குகிறது, கரைந்த சாயம் கோப்பைக்குள் இறங்குகிறது. இங்கே ஒன்றை நன்றாகக் கவனியுங்கள்: வடிகட்டல் கரையாததைத்தான் தடுக்கும், கரைந்ததைத் தடுக்காது. பின்னர் கிணற்று நீரைப் பற்றிப் பேசும்போது இது நமக்கு வேண்டியிருக்கும்.

கரைந்ததைப் பிரிக்க வேறு வழிகள் வேண்டும். கருப்பநீரை வற்றக் காய்ச்சினால் நீர் ஆவியாகி, கரைந்திருந்தவை எல்லாம் சேர்ந்து பனங்கட்டியாக இறுகும். இது ஆவியாக்கல். அதே கருப்பநீரைப் பாகு பதத்தில் இறக்கி அசையாமல் நெடுநாள் வைத்தால் வெல்லம் மட்டும் பளிங்கு பளிங்காகத் திரண்டு பனங்கற்கண்டாகும். மற்றவை பாகில் தங்கிவிடும். இது பளிங்காக்கல். முன்னது எல்லாவற்றையும் ஒன்றாகத் தரும், பின்னது ஒன்றை மட்டும் தூய்மையாகத் தரும்.

நமக்குத் தேவையானது கரைந்த திண்மம் அன்றி அதைக் கரைத்துவைத்த நீரேயாயின், நீராவியைக் குளிர்வித்துப் பிடிக்கவேண்டும். இது காய்ச்சி வடித்தல். கலந்திருப்பவை இரண்டும் திரவங்களாயின் கொதிநிலை வேறுபாடு கைகொடுக்கும். மதுசாரம் ஏறத்தாழ 78 பாகை செல்சியசில் கொதிக்கும், நீர் 100 பாகையில் கொதிக்கும். இவ்வேறுபாட்டைக் கொண்டே கள்ளிலிருந்து சாராயம் வடிக்கின்றனர். சப்புகஸ்கந்தையிலுள்ள எண்ணெய் சுத்திகரிப்பு நிலையத்தில் மசகெண்ணெயிலிருந்து பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல் என்பன பிரிவதும் இதே தத்துவத்தாலேயே. அதற்குப் பகுதிபடக் காய்ச்சி வடித்தல் என்று பெயர்.

ஆனையிறவு: வெயில் செய்யும் வேலை

கண்டி வீதியால் யாழ்ப்பாணம் வருவோர் ஆனையிறவைக் கடக்கும்போது வெண்ணிறப் பாத்திகளைக் காண்பர். உப்பளம் என்பது நீரைக் காயவைத்து எஞ்சியதை வாரும் இடம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் அங்கு நடப்பது மிக நுட்பமான ஒரு பிரித்தெடுப்பாகும்.

ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுள் சோடியம் குளோரைட்டு ஏறத்தாழ 27 கிராம். மிகுதி மகனீசியம் குளோரைட்டு, மகனீசியம் சல்பேற்று, கல்சியம் சல்பேற்று, பொற்றாசியம் உப்புக்கள் முதலியன. இவை ஒவ்வொன்றினதும் கரைதிறன் வேறு. ஆகவே நீர் வற்ற வற்ற இவை ஒரே நேரத்திற் படியாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் படியும். கடல்நீர் பாதியளவாக வற்றும்போது கல்சியம் காபனேற்று படியத் தொடங்கும். ஐந்தில் ஒரு பங்காக வற்றும்போது கல்சியம் சல்பேற்று ஜிப்சமாகப் படியும். பத்தில் ஒரு பங்காக வற்றியபின்னரே நமக்கு வேண்டிய உப்பு பளிங்காகத் தொடங்கும்.

இதனாலேதான் நீரைப் பாத்தியிலிருந்து பாத்திக்கு மாற்றுகின்றனர். முதற் பாத்திகளில் கல்சியம் சேர்வைகள் படிந்துவிட, தெளிந்த செறிந்த நீர் உப்பு விளையும் பாத்திக்குச் செல்லும். அங்கு உப்புத் திரண்டதும் எஞ்சிய நீரை முற்றாக வற்றவிடாமல் வெளியேற்றிவிடுவர். அந்தத் தாய்த்திரவத்தில் மகனீசியம் உப்புக்கள் நிறைந்திருக்கும். அதையும் வற்றவிட்டால் உப்பு கசக்கும். மாரிகாலத்தில் உப்புப் பாத்திரம் கசிந்து நீர் விடுவதற்கும் உப்பில் எஞ்சிய மகனீசியம் குளோரைட்டே பெரிதும் காரணம், அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. வாரிய உப்பைக் குவித்து வைப்பது இந்நீர் வடிந்து போவதற்காகவுமாகும்.

இத்தனைக்கும் எரிபொருள் வெயிலும் காற்றும்தான். ஆனால் காலம் தப்பிய மழை பெய்தால் திரண்ட உப்பு மீண்டும் கரைந்துவிடும். இவ்வாறு மழையால் விளைச்சல் குன்றியதாலேயே, நாற்புறமும் கடல் சூழ்ந்த நம் நாடு 2025ஆம் ஆண்டில் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்தது. போரினால் நீண்டகாலம் இயங்காதிருந்த ஆனையிறவு உப்பளம் மீண்டும் உப்புத் தருவது எவ்வளவு பயனுடையது என்பதை அப்போது எல்லோரும் உணர்ந்தனர்.

கடையில் நாம் வாங்கும் அயடீன் உப்பும் ஒரு கலவையே. கழலை நோயைத் தடுப்பதற்காக 1995ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் உணவு உப்புடன் பொற்றாசியம் அயடேற்றைச் சிறிதளவு சேர்க்கின்றனர். அது உப்போடு இணைந்து விடுவதில்லை, பளிங்குகளின் மேல் ஒட்டியே இருக்கும். ஆகவே கல்லுப்பைக் கழுவிப் பாவித்தால் அயடீன் கழுவிய நீரோடு போய்விடும். உப்பைக் கழுவாது, மூடிய பாத்திரத்தில் ஈரம் படாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

பரந்தன்: மின்சாரம் செய்த வேலை

ஆனையிறவில் எத்தனை நாள் வெயில் எறித்தாலும் உப்பு உப்பாகத்தான் இருக்கும். அதிலிருந்து சோடியம் வேறு, குளோரீன் வேறு என்று பிரியாது. ஏனெனில் சோடியம் குளோரைட்டு ஒரு சேர்வை. அதைப் பிரிக்க இரசாயன மாற்றம் வேண்டும். ஆங்கில விஞ்ஞானி ஹம்பிரி டேவி 1807ஆம் ஆண்டில் உருகிய எரிசோடாவினூடாக மின்னைச் செலுத்தியே முதன்முதலாகச் சோடியத்தைப் பிரித்தெடுத்தார்.

ஆனையிறவுக்குத் தெற்கே சில மைல் தொலைவில் இருந்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் இத்தகைய வேலையே நடைபெற்றது. ஆனையிறவு உப்பை நீரிற் கரைத்து, அக்கரைசலினூடாக மின்னைச் செலுத்தினர். இம்முறைக்கு மின்பகுப்பு என்று பெயர். ஒரு முனையில் குளோரீன் வாயுவும் மறு முனையில் ஐதரசன் வாயுவும் வெளிவரும். கரைசலில் எரிசோடா எஞ்சும். எரிசோடா சவர்க்காரம் செய்யவும், குளோரீன் குடிநீரில் கிருமிகளைக் கொல்லவும் உதவும். போரில் அத்தொழிற்சாலை அழிவுற்றது. ஆயினும் ஒரே வீதியில் அமைந்த இவ்விரு இடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாடம் மறக்காது. ஆனையிறவில் கலவை பிரிந்தது, புதிய பொருள் எதுவும் உண்டாகவில்லை. பரந்தனில் சேர்வை பிரிந்தது, உப்பின் இயல்பு சிறிதுமில்லாத புதிய பொருள்கள் உண்டாயின.

கிணற்று நீர்: எது போகும், எது போகாது?

இப்பாடம் வீட்டுக்குள் வரும் இடம் இதுவே. கிணற்று நீரில் மூன்று வகையான வேண்டாத பொருள்கள் இருக்கலாம்.

முதலாவது, மிதக்கும் மண்ணும் தூசியும். இவை துணியாலோ மணல் வடியாலோ நீங்கும். மிக நுண்ணிய களிமண் படிகாரத்தாற் படியும். நம் முன்னோர் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைத்ததும் இதற்காகவே.

இரண்டாவது, நோய்க்கிருமிகள். இவை சாதாரண துணியில் தங்கமாட்டா. நீரைக் கொதிக்கவைத்தால் இறந்துபோம்.

மூன்றாவது, கரைந்திருக்கும் உப்புக்கள். இவற்றைத் துணியும் தடுக்காது, கொதிப்பும் பொதுவாக அகற்றாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டு, கொதிக்கவைத்தால் உப்பெல்லாம் படிந்துவிடும் என்று எண்ணவேண்டாம். சுண்ணாம்புக்கல் நிலத்து நீரிலுள்ள கல்சியம் இருகாபனேற்று வெப்பத்தாற் பிரிந்து, கரையாத கல்சியம் காபனேற்றாக மாறுவதாலேயே அந்தப் படிவு உண்டாகிறது. அது ஓர் இரசாயன மாற்றம். கறியுப்புக்கும் நைத்திரேற்றுக்கும் அவ்வாறு நிகழாது.

நைத்திரேற்றைப் பற்றிச் சிறப்பாகச் சொல்லவேண்டும். வயலுக்கும் தோட்டத்துக்கும் இடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இது நிலத்தடி நீரைச் சேர்கிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இது எளிதாகக் கீழிறங்கும். இதற்கு நிறமில்லை, மணமில்லை. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. அளவு மிஞ்சிய நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அந்நீரை நெடுநேரம் கொதிக்கவைப்பதாற் பயனில்லை. நீர் வற்ற, நைத்திரேற்றின் செறிவு கூடவே செய்யும். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரை ஒருமுறை பரிசோதித்துக் கொள்ளவேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இதற்கு வழிகாட்டுவார்.

கரைந்த உப்பை நீக்கக் காய்ச்சி வடிக்கலாம். ஆனால் ஊருக்கே நீர் வழங்க அது செலவு மிக்கது. 2024ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் திறக்கப்பட்ட நிலையத்தில் கடல்நீரைப் பேரமுக்கத்தில் ஒரு மென்சவ்வினூடாகச் செலுத்துகின்றனர். நீர் சவ்வைக் கடக்கும், உப்பு பெரும்பாலும் கடக்காது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைத் தரும் வகையில் அது அமைக்கப்பட்டது. இங்கும் இரசாயன மாற்றம் இல்லை, கலவையே பிரிகிறது.

செய்து பாருங்கள்

இரண்டு மேசைக்கரண்டி உப்பையும் அதேயளவு மணலையும் கலந்து, ஒரு குவளை நீரிற் போட்டுக் கலக்குங்கள். சற்றுப் பொறுத்துத் தெளிந்த நீரை மெல்லிய துணியால் வடித்து, அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஓரிரு நாளில் சதுரமான உப்புப் பளிங்குகள் தோன்றும். மெல்ல வற்றினாற் பெரிய பளிங்கு, விரைவாக வற்றினாற் சிறிய பளிங்கு. இதையும் சோதித்துப் பாருங்கள்.

வினாக்கள்

1. நீர், காற்று, பனங்கட்டி, காபனீரொட்சைட்டு, பித்தளை: இவற்றைச் சேர்வை, கலவை என வகுக்க.
2. அயடீனும் மணலும் கலந்துள்ளன. எவ்வாறு பிரிப்பீர்?
3. கடல்நீரைச் சட்டியிலிட்டு முற்றாக வற்றக் காய்ச்சினால் கிடைப்பது தூய சோடியம் குளோரைட்டா?
4. உவர் நீரை ஏழு மடிப்புத் துணியால் வடித்தால் உவர்ப்புக் குறையுமா?

விடைகள்

1. சேர்வைகள்: நீர், காபனீரொட்சைட்டு. மற்றவை கலவைகள்.
2. மெதுவாகச் சூடாக்க அயடீன் ஆவியாகிக் குளிர்ந்த பரப்பில் மீண்டும் திண்மமாகும். இது பதங்கமாதல்.
3. அன்று. மகனீசியம், கல்சியம், பொற்றாசியம் உப்புக்களும் சேர்ந்தே எஞ்சும்.
4. குறையாது. கரைந்த உப்பு எத்தனை மடிப்புத் துணியையும் கடந்து செல்லும்.