ரீடிங்கைத் திருத்தாதே, செல்லைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. ஓம் விதி சோதனையில் புள்ளிகள் நேர்கோட்டில் விழவில்லை, கூடப் படிக்கிறவர்கள் இரண்டு மூன்று ரீடிங்கை மாற்றி எழுதி ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நானும் அப்படியே செய்துவிடட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அந்த ஓமுக்கே முதல் தடவை சரியாக வரவில்லை. இதை வகுப்பில் யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கனில் பிறந்தவர். அப்பா பூட்டுத் தொழிலாளி. தானாகவே கணக்குப் படித்து, பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்த மனிதர். பையன் பல்கலைக்கழகம் போனதும் நடனம், பில்லியர்ட்ஸ், பனிச்சறுக்கு என்று பொழுதைப் போக்க, அப்பாவுக்குக் கோபம் வந்து படிப்பை நிறுத்திவிட்டார். பையன் சுவிட்சர்லாந்துக்கு வாத்தியார் வேலைக்குப் போனான். (இந்தப் பத்தியை உன் அப்பாவிடம் காட்டாதே.) பிறகு ஊர் திரும்பி டாக்டர் பட்டம் வாங்கி, 1817-இல் கொலோன் நகரப் பள்ளியில் ஆசிரியரானார். அங்கே நல்ல ஆய்வுக்கூடம் இருந்தது.

கம்பி நீள நீள மின்னோட்டம் எப்படிக் குறைகிறது? இதுதான் அவர் கேள்வி. வோல்டா வகை மின்கலத்தை இணைத்து அளந்தார். இணைத்த மாத்திரத்தில் ஓட்டம் எகிறும், பிறகு இறங்கிக்கொண்டே போகும். அந்த ரீடிங்குகளை வைத்து மடக்கை வரும் ஒரு சூத்திரத்தை 1825-இல் வெளியிட்டார். தப்பான சூத்திரம்.

அவர் எண்களைத் தட்டிக்கொட்டிச் சரிசெய்யவில்லை. மின்சாரம் வரும் இடத்தையே மாற்றினார். யோசனை சொன்னவர் ஆய்விதழ் ஆசிரியர் போகன்டார்ஃப். சீபெக் கண்டுபிடித்திருந்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்திப் பார்க்கச் சொன்னார். பிஸ்மத் துண்டின் இரு முனையிலும் செம்பை இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார் ஓம். தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கிறவரை, பனிக்கட்டி முழுதும் கரைந்துவிடாதவரை மின்னழுத்தம் அசையாது. ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகள். தொங்கும் காந்த ஊசி விலகியதும், தொங்கவிட்ட இழையை முறுக்கி ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, முறுக்கிய கோணத்தைப் படித்தார்.

மடக்கை போன இடம் தெரியவில்லை. கம்பியின் நீளத்தோடு, மாறாத ஒரு எண்ணைக் கூட்டி, அந்தத் தொகையால் இன்னொரு எண்ணை வகுத்தால் ஓட்டம் கிடைத்தது. கூட்டிய எண், சுற்றின் மற்ற பாகங்களின் தடை. வெப்பநிலையை மாற்றிப் பார்த்தார்: வகுபடும் எண் மட்டும் மாறியது, தடை மாறவில்லை. அழுத்தம் வேறு, தடை வேறு என்று அங்கே பிரிந்துவிட்டது. இது 1826-இல்.

1827-இல் புத்தகம் போட்டதும், ஜெர்மனியில் பலர் கண்டுகொள்ளாததும், கொலோன் வேலையை விட்டுவிட்டுச் சிரமப்பட்டதும், 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு 1825-இலும் 1826-இலும் வந்த அந்த இரண்டு கட்டுரைகளுக்கு நடுவில் இருந்த மாதங்கள்தான் பெரிது.

உன் விஷயத்துக்கு வருகிறேன். லேபில் பழைய லெக்லாஞ்சி செல்தானே? அதையும் விடாமல் ஓடவிட்டால் ஓட்டம் இறங்கும். ரீடிங் எடுக்கும்போது மட்டும் பிளக் கீயைப் போடு. போட்டபடியே விட்டால் கம்பியும் சூடாகித் தடை ஏறும். கம்பி முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு முடுக்கு. ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே ஒரு வரிசை, இறக்கிக்கொண்டே ஒரு வரிசை எடு. இரண்டும் ஒத்துப்போகவில்லையென்றால் செல்லைச் சந்தேகப்படு. பேட்டரி எலிமினேட்டர் கேட்டு வாங்கி மறுபடி செய். முதலில் வந்த கோணல் அட்டவணையையும் ரெக்கார்டில் வைத்து, ஏன் கோணியது என்று கீழே இரண்டு வரி எழுது. மார்க் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும்.

அப்படியும் புள்ளிகள் வளைந்தால், ரப்பர் போடாமல் அந்தத் தாளை அப்படியே எனக்கு அனுப்பு.

அன்புடன்,
பெரியப்பா