வட்டாரப் பல்கலைக்கழகமும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தோட்டப்புறப் பெற்றோர்களே,

சில ஆண்டுகளுக்கு முன்னர் சிகாமட் வட்டாரத் தோட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த ஒரு தகப்பனார் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. பாரிட் ராஜாவாம். கோலாலம்பூராக இருந்தால் அனுப்பலாம். கம்பத்துப் பக்கம் இருக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்கு மதிப்பு உண்டா? தொழிற்சாலைக்கே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்" என்றார். பதில் அனுப்ப இன்னும் சில நாள்களே இருந்தன.

அவர் கேட்ட கேள்வி நியாயமானதே. தலைநகரில் இருப்பதே உயர்ந்தது என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. அவ்வெண்ணம் சரிதானா என்பதை ஆராய, ஜப்பான் நாட்டின் அனுபவத்தை முதலில் காண்போம்.

ஜப்பான் செய்தது என்ன?

ஜப்பானில் 1877ஆம் ஆண்டு தோக்கியோ பல்கலைக்கழகம் தோன்றியது. பின்னர் கியோத்தோ, செண்டாய், புக்குவோக்கா, சப்போரோ, ஒசாக்கா, நகோயா ஆகிய பெருநகரங்களிலும் பேரரசுப் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. ஆயினும், தொலைவிலிருந்த மாநிலங்களின் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவை எட்டாக் கனியாகவே இருந்தன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1949ஆம் ஆண்டு மே மாதம் புதிய சட்டம் ஒன்று நடைமுறைக்கு வந்தது. மாநிலத்திற்கு ஒரு தேசியப் பல்கலைக்கழகமேனும் இருத்தல் வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கொள்கை. அவ்வாண்டில் 69 தேசியப் பல்கலைக்கழகங்கள் அமைக்கப்பெற்றன. போரினால் நலிந்திருந்த நாட்டிற்கு இத்தனை கட்டடங்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் புதிதாக எதையும் கட்டவில்லை. ஏற்கெனவே இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, மருத்துவக் கல்லூரி, தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றை ஒன்றிணைத்தே பல்கலைக்கழகம் ஆக்கினர்.

ஹொன்ஷு தீவின் வடகோடியில் உள்ள அவோமோரி மாநிலம் இதற்குத் தக்க சான்று. நமக்கு ரப்பர் எப்படியோ, அம்மக்களுக்கு ஆப்பிள் அப்படி. அங்குள்ள ஹிரோசாக்கி நகரில் 1949இல் அமைந்த பல்கலைக்கழகம், அவ்வட்டாரத்தின் பள்ளிகளுக்கு ஆசிரியர்களையும் மருத்துவமனைகளுக்கு மருத்துவர்களையும் உருவாக்கி வருகிறது. அதன் வேளாண்மைப் பிரிவு ஆப்பிள் சாகுபடியை ஆராய்கிறது. விவசாயியின் தோட்டத்தில் தோன்றும் சிக்கலே அங்கு ஆராய்ச்சிப் பொருளாகின்றது. இதுவே வட்டாரப் பல்கலைக்கழகத்தின் தனிச்சிறப்பு.

ஜப்பானியப் பல்கலைக்கழக மாணவருள் ஏறத்தாழ நான்கில் மூவர் தனியார் நிறுவனங்களிலேயே பயில்கின்றனர். அவற்றில் கட்டணம் மிகுதி. ஆதலின், வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளை சொந்த மாநிலத்திலேயே, குறைந்த கட்டணத்தில், பட்டம் பெறுவதற்கு வட்டாரத் தேசியப் பல்கலைக்கழகமே வழியாக உள்ளது.

குறைகளும் இல்லாமல் இல்லை. பட்டம் பெற்ற இளைஞர் பலர் தோக்கியோவை நாடிச் செல்கின்றனர். 2004ஆம் ஆண்டு இப்பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி அமைப்புகளாக மாற்றப்பட்டதன் பின், சிறிய பல்கலைக்கழகங்களுக்கு நிதி நெருக்கடியும் ஏற்பட்டுள்ளது. எனினும், அவை இல்லாவிடின் அம்மாநிலங்களுக்கு ஆசிரியரும் மருத்துவரும் கிடைப்பது அரிதாகியிருக்கும்.

நம் நாட்டில்

அதே 1949ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில்தான் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்றது. பின்னர் கோலாலம்பூரில் அதன் பிரிவு ஏற்பட்டு, 1962இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1969இல் பினாங்கிலும், 1984இல் கெடாவிலும், 1992இல் சரவாக்கிலும், 1994இல் சபாவிலும் பல்கலைக்கழகங்கள் எழுந்தன. இன்று நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன.

நம் ஜொகூர் மாநிலத்தில், மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1985இல் ஸ்கூடாயில் தன் வளாகத்தைத் திறந்தது. பத்து பகாட் மாவட்டத்துப் பாரிட் ராஜாவில் உள்ளதோ துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகம். ஜொகூரிற் பிறந்து, 1976 முதல் 1981 வரை நாட்டின் மூன்றாவது பிரதமராக விளங்கியவரின் பெயரை அது தாங்கியுள்ளது.

அதன் வரலாறு ஜப்பானியக் கதையை நினைவூட்டுவதாகும். 1993இல் பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்குரிய பயிற்சி நிலையமாக அது தொடங்கிற்று. 1996இல் தொழில்நுட்பக் கழகமாகவும், 2000இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகவும் உயர்ந்து, 2007ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் முழுப் பல்கலைக்கழகமாயிற்று. கட்டடம், மின்னியல், இயந்திரவியல் ஆகிய பொறியியல் துறைகளும் தொழிற்கல்வி ஆசிரியர் பயிற்சியும் அதன் சிறப்புகள். மூவார் மாவட்டத்துப் பாகோவிலும் அதற்கு ஒரு வளாகம் உண்டு.

சிகாமட்டிலிருந்து லாபிஸ், யோங் பெங், ஆயர் ஈத்தாம் வழியே செல்லும் சாலையில் காலையிற் புறப்பட்டால் நண்பகலுக்கு முன்னரே பாரிட் ராஜாவை அடையலாம். பிள்ளை விடுமுறைக்கு வீடு வந்து செல்லும் தொலைவுதான்.

செல்லும் வழி

அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்குச் செல்ல ஒரே கதவுதான் உண்டு என்று எண்ணாதீர். ஐந்தாம் படிவத்திற்குப் பின் ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதலாம்; மெட்ரிக்குலேஷன் வகுப்பிற்கு விண்ணப்பிக்கலாம்; அல்லது பாலிடெக்னிக்கில் டிப்ளோமா பெற்று அதன் வழியாகவும் செல்லலாம். சிகாமட்டிலேயே சமுதாயக் கல்லூரியும், துங்கு அப்துல் ரகுமான் மேலாண்மை, தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கிளையும் உள்ளன. இங்குள்ள மாரா பல்கலைக்கழக வளாகம் பூமிபுத்ரா மாணவர்களுக்குரியது.

எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழி, வரலாறு ஆகிய இரண்டிலும் தேர்ச்சி பெறாவிடில் சான்றிதழே கிடைக்காது. ஆகவே கணிதத்தில் சிறந்த பிள்ளையும் வரலாற்றுப் பாடத்தை அலட்சியம் செய்தல் ஆகாது. விண்ணப்பத் தேதி தவறினால் ஓராண்டு வீணாகும்; பள்ளி ஆசிரியரை முன்கூட்டியே கேட்டறிதல் நலம்.

பணத்திற்கு என் செய்வது? தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் 1997 முதல் கடன் வழங்கி வருகிறது. இது கடன்; படிப்பு முடிந்தபின் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதை மறத்தல் ஆகாது. முதல் வகுப்பில் பட்டம் பெறுவோர், உரிய விதிகளுக்கு உட்பட்டவராயின், விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் கடன் கைக்கு வருவதற்குச் சில வாரங்கள் ஆகக்கூடும். முதல் மாதச் செலவுக்கென இப்பொழுதிருந்தே சிறுகச் சிறுகச் சேமித்தல் அறிவுடைமை.

இவற்றையெல்லாம் அன்று அத்தகப்பனாரிடம் எடுத்துக் கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின், "கோலாலம்பூரை நினைத்துக்கொண்டு வீட்டுப் பக்கத்துக் கதவைச் சாத்தப் பார்த்தேனே" என்றார். மறுநாள் பிரட்டுக்கு முன்பே, தம் மகளின் கடிதத்தில் கையொப்பமிட்டதாகச் சொல்லி அனுப்பினார்.

சிந்தித்து விடை காண்க:

1. ஜப்பான் 1949இல் குறைந்த செலவில் இத்தனை பல்கலைக்கழகங்களை எவ்வாறு அமைத்தது?

2. ஹிரோசாக்கிப் பல்கலைக்கழகம் தன் வட்டார மக்களுக்கு ஆற்றும் பணிகள் யாவை?

3. உங்கள் பிள்ளை இப்பொழுது எந்தப் படிவத்தில் பயில்கிறது? அடுத்து விண்ணப்பிக்க வேண்டிய இடம் எது?