பதிவு மூப்பும் நடுவயதுப் பணியும்

நம் சமுதாயக் குடும்பங்களில் உழவுக்கு அடுத்தபடியாகப் பெரிதும் நாடப்பெற்று வந்தது ஆசிரியப் பணியேயாகும். நிலத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர், பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் என்று உடன்பிறந்தார் பிரித்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இன்றோ, ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, இருபது இருபத்தைந்து ஆண்டுகளாக அரசுப் பணி கிட்டாமல், நாற்பத்தைந்தையும் ஐம்பதையும் தொட்டுவிட்ட மகனோ மகளோ மருமகளோ பல இல்லங்களில் இருக்கின்றனர். "இனி எங்கே வேலை கிடைக்கப் போகிறது?" என்னும் சொல்லை அவர்கள் வாயிலாகவும், அதைவிட மிகுதியாக உறவினர் வாயிலாகவும் கேட்கிறோம். அந்நிலை அவர்கட்கு எவ்வாறு வந்தது, இப்போது அவர்கள் செய்யத்தக்கது யாது என்பனவற்றைச் சிறிது விரிவாக ஆராய்வோம்.

இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவுடன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்வது வழக்கம். பதிவு செய்த நாளைக்கொண்டு மூப்பு கணக்கிடப்படும். மூன்றாண்டுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தல் வேண்டும். உரிய காலம் தவறினால் மூப்பு போய்விடும். தவறவிட்டவர்க்கென்று அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவிப்பதும் உண்டு. தொடக்கப்பள்ளி ஆசிரியர் பணியிடங்கள் பெரும்பாலும் இம்மூப்பின்படியே நிரப்பப்பட்டு வந்தமையால், "நம் முறை வரும்" என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. பதிவு அட்டையை நகைப்பெட்டியோடு சேர்த்து வைத்துப் பாதுகாத்த மாமியார்களை நான் அறிவேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் கட்டாயமாக அறிவிக்க வேண்டும் என்னும் 1959ஆம் ஆண்டுச் சட்டம், காலியிடத்தை அறிவிக்கச் சொன்னதேயன்றி, பதிவு செய்தவர்க்கு வேலை தந்தே தீர வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வரிசையில் நிற்கும் உரிமைக்கும் பணி பெறும் உரிமைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை நம்மிற் பலர் உணரவில்லை. அதனால் காத்திருத்தலே ஒரு தொழிலாயிற்று. வேறு வேலைக்குச் சென்றால் "ஆர்டர்" வரும்போது விட்டுவிட நேருமே என்று கருதி ஒன்றிலும் நிலைக்காமல் இருந்தோர் பலர்.

பின்னர் விதிகள் மாறின. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பெற்று 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதனைத் தொடர்ந்து அவ்வாண்டு ஆகஸ்டில், ஒன்று முதல் எட்டு வகுப்புகள் வரை கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி வேண்டும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் அறிவித்தது. தமிழகத்தில் முதல் தகுதித் தேர்வு 2012 ஜூலை 12 அன்று நடைபெற்றது. ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினர். தேறியவர் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை!

அத்தேர்வு முடிவு வெளிவந்த நாளில், "படித்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை" என்று ஊரெல்லாம் பேசப்பட்டது. மெய்ந்நிலை என்ன? 150 வினாக்களுக்கு 90 நிமிடங்களே தரப்பட்டிருந்தன. ஒரு வினாவைப் படித்து, எண்ணி, விடைத்தாளில் வட்டத்தைக் கருமையாக்க 36 விநாடி! அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நடந்த மறுதேர்வில் நேரம் மூன்று மணியாக உயர்த்தப்பட்டது. தேறியோர் தொகை பன்மடங்காயிற்று. மூன்று மாதத்துக்குள் அவர்கள் அறிவு அவ்வளவு வளர்ந்துவிடவில்லை. அளந்த கோல்தான் மாறியது. ஒரு வகுப்பில் அனைவரும் தோற்றால் வினாத்தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சிக் காலத்திலேயே சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். நெடுங்காலம் வேலையின்றி இருப்பவர் தம்மையே குறைகூறிக்கொள்ளும் இயல்பினர் ஆதலின், இதனைச் சற்று அழுத்திக் கூறினேன்.

எங்கள் முசரவாக்கத்தில் ஒரு நெசவாளர் வீட்டு மருமகள். பெயர் வேண்டா. 1999இல் பயிற்சி முடித்துப் பதிந்தவர். கணவர் தறியில் அமர, இவர் தார் சுற்றிக் கொடுப்பார். பட்டுத் தொழில் நலிந்த மாதங்களில் அதுவும் இராது. 2013இல் தகுதித் தேர்வு எழுதி 150க்கு 86 பெற்றார். அப்போது தேர்ச்சிக்கு வேண்டியது 90. 2014 பிப்ரவரியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினர்க்கு அது 82 எனக் குறைக்கப்படவே, தேறியவர் ஆனார். இனிப்பும் வழங்கினார். ஆனால் அவ்வாண்டு மே மாதத்தில் வந்த வெயிட்டேஜ் முறையில், தகுதித் தேர்வுக்கு 60, பயிற்சித் தேர்வுக்கு 25, பிளஸ் டூவுக்கு 15 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. இவர் பிளஸ் டூ படித்த காலத்தில் மதிப்பெண்ணை ஆசிரியர்கள் எண்ணி எண்ணி இட்டனர். பின்வந்தோர்க்கு அது தாராளமாகக் கிடைத்தது. பழைய மாணவர் பின்தள்ளப்பட்டனர். மூப்பு துணை நிற்கும் என்று எண்ணியவருக்கு மூப்பே பகையாயிற்று.

2018இல் வெயிட்டேஜ் நீக்கப்பட்டு, தகுதித் தேர்வுக்குப் பின் தனியே ஒரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றாயிற்று. 2020இல், பொதுப் பிரிவினர்க்கு 40 வயதுக்கு மேல் நேரடி நியமனம் இல்லை என்ற வரம்பு வந்தது. ஏழாண்டுக்கே செல்லும் என்றிருந்த தகுதிச் சான்று, 2021 ஜூனில் வாழ்நாள் முழுதும் செல்லும் என மாற்றப்பட்டது. 2023இல் வயது வரம்பு பொதுப் பிரிவினர்க்கு 53, ஏனையோர்க்கு 58 என உயர்த்தப்பட்டது. அரசுப் பணியில் ஓய்வு வயது 60 ஆதலின், 58இல் நுழைபவர் இரண்டாண்டே கற்பிப்பார். அதனை நகைப்பவரும் உளர். எனக்கு அதில் நகைக்க ஒன்றும் தோன்றவில்லை. 2024 ஜூலை 21 அன்று நடந்த இடைநிலை ஆசிரியர் போட்டித் தேர்வுக்குத் தாயும் அவரோடு படிக்கும் வயதுடைய மகளும் போன்ற இரு தலைமுறையினர் ஒருங்கே விண்ணப்பிக்க முடிந்தது இவ்வுயர்வினாலேயே.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றையும் இங்கே நினைக்கலாம். தகுதித் தேர்வு எழுதாமல் முன்பே பணியில் சேர்ந்தவர்களுள், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் உள்ளோர் இரண்டாண்டுக்குள் அதனை எழுதித் தேற வேண்டும் என அது கூறியது. ஆகவே பணியில் உள்ளவரும் ஐம்பது வயதில் வழிகாட்டி நூலைப் புரட்டும் நிலை வந்துவிட்டது. "இந்த வயதில் பரீட்சையா?" என்று வெட்கப்படுவதற்குக் காரணம் இல்லை.

இனிப் படிக்கும் முறைக்கு வருவோம். முதல் தாளில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறையும், தமிழ், ஆங்கிலம், கணிதம், சூழ்நிலையியல் என ஐந்து பகுதிகள்; ஒவ்வொன்றுக்கும் 30 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எனவே ஒரு வினாவையும் விடாமல் குறித்தல் வேண்டும். நடுவயதினர் அஞ்சுவது ஆங்கிலத்துக்கு. உண்மையில் கைவிடுவது முதற்பகுதியில். 1990களில் பயின்றோர் தார்ண்டைக், பாவ்லவ் என்று மனப்பாடம் செய்தவர்கள். இக்காலத்தில் பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பர்க், கார்ட்னர் ஆகியோர் கருத்துகளை வகுப்பறை நிகழ்ச்சியில் பொருத்திக் கேட்கின்றனர்.

இதிலேதான் வயது துணைசெய்கிறது. பியாஜே கூறும் "மாறா நிலை" என்பதை நூலில் படித்தால் விளங்குவது அரிது. நான்கு வயதுப் பேரனை அழையுங்கள். ஒரே அளவான இரண்டு டம்ளர்களில் ஒரே அளவு பால் ஊற்றிக் காட்டுங்கள். பின் அவன் கண் முன்னரே ஒன்றிலுள்ளதை அகன்ற கிண்ணத்தில் மாற்றி, எதில் அதிகம் என்று கேளுங்கள். உயரமாகத் தெரியும் டம்ளரையே காட்டுவான். எட்டு வயது அக்காளோ, "ரெண்டும் ஒண்ணுதானே" என்பாள். இந்த ஒரு சோதனையைக் கண்டவர் அவ்வினாவில் தவறமாட்டார். பிள்ளை வளர்த்த வீடு ஒரு மனவியல் ஆய்வுக்கூடமாகும். இருபத்திரண்டு வயது இளைஞர்க்கு அது வாய்ப்பதில்லை.

ஆனால் வகுப்பறை மாறியிருப்பதை வீட்டிலிருந்து அறிய இயலாது. 2007 அளவில் தொடக்க வகுப்புகளில் பரவிய செயல்வழிக் கற்றல், 2012-13இல் வந்த முப்பருவ முறை, 2018 தொடங்கி மாறிய பாடநூல்கள், 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஆகிய யாவும் இவர்கள் பயிற்சிக்குப் பின் வந்தவை. ஆதலின் வழிகாட்டி நூல்களுக்கு முன், ஒன்று முதல் ஐந்து வரை உள்ள இன்றைய பாடநூல்களை முதற்பக்கத்திலிருந்து படிக்க வேண்டுகிறேன். அண்டை வீட்டுப் பிள்ளையின் புத்தகமே போதும்.

அத்துடன், நியமன ஆணைக்கு முன்பே கற்பிக்கத் தொடங்க வேண்டும். நான் மேலே குறிப்பிட்ட அம்மையார் தெருப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் மாலைப் பாடம் சொல்லி வந்தார். சிலர் மாதம் ஐம்பது ரூபாய் தந்தனர்; சிலர் கீரைக்கட்டு தந்தனர். 2021இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் தன்னார்வலர் ஆனார். 2022 ஜூலையில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தபோது, தகுதித் தேர்வில் தேறியவர்க்கும் தன்னார்வலர்க்கும் முன்னுரிமை இருந்தது. 7,500 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஓர் ஒன்றியப் பள்ளிக்குச் சென்றார். அப்போது அவருக்கு வயது 44. நிலையான பணி அன்று. விடுமுறை மாத ஊதியமும் உறுதியன்று. அத்தொகை குறைவென்பதிலும் ஐயமில்லை. அதே வகுப்பை நடத்தும் நிரந்தர ஆசிரியர் பெறுவதை எண்ணினால் மனம் கசக்கும். ஆயினும் இருபத்துமூன்றாண்டு வரிசையில் நின்று பெறாததை, திண்ணையில் அமர்ந்து பெற்றார் என்றே நான் கொள்கிறேன்.

வீட்டாரிடம் ஒரு வேண்டுகோள். வேலையில்லாதவர் பொழுது பொதுச் சொத்து என்று கருதப்படுகிறது. மின்கட்டணம் செலுத்துவதும், மருத்துவமனைக்குத் துணை செல்வதும், திருமண வீட்டில் மூன்று நாள் முன்னரே சென்று நிற்பதும் அவர் தலையிலேயே விழுகின்றன. பின்னர், "படித்தும் தேறவில்லையே" என்கிறோம். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் அவரை எவரும் அழைக்காதிருப்பதாக வீட்டார் ஒப்புக்கொள்ளட்டும். ஓராண்டில் அது எழுநூறு மணிக்கு மேல் வரும்.

மறுபுறம், தேர்வுக்குப் படித்தலும் மற்றொரு காத்திருத்தலாக மாறிவிடக் கூடாது. இரண்டு அறிவிக்கைகள் வரை முயலலாம். அதற்குள் மாத வருவாய் தரும் ஒரு பணியையும் கைக்கொள்ளல் வேண்டும். தனியார் பள்ளியோ, துணிக்கடைக் கணக்கோ, கூட்டுறவுச் சங்க எழுத்துப் பணியோ எதுவாயினும் ஆகுக. தனிப்பயிற்சி நிலையங்களுக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

விண்ணப்பிப்போர் கவனத்துக்குச் சில: வயது வரம்பு, தேர்ச்சி மதிப்பெண் ஆகியன அடிக்கடி மாறியுள்ளமையால், ஒவ்வோர் அறிவிக்கையையும் முழுதும் படியுங்கள். வேலைவாய்ப்புப் பதிவு புதுப்பிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். இப்போது அதனை இணையவழியே செய்யலாம். தமிழ்வழியில் பயின்றோர்க்கு 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அதற்கு முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழிச் சான்று தேவைப்படுமாதலால், படித்த பள்ளிகளுக்கு இப்போதே சென்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருமணமான பெண்களுக்குப் பள்ளிச் சான்றில் தந்தையார் முதலெழுத்தும் ஆதாரில் கணவர் முதலெழுத்தும் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்த பின் அதனைத் திருத்த ஓடுவதைவிட, வரும் விடுமுறையிலேயே சென்று திருத்திக்கொள்வது நலம்.