கணினியில் உறங்கும் பழைய வரிகள்

முன்னுரை

நமது கோவளத்திற்கு அருகிலுள்ள சிறுசேரித் தொழிற்பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் மென்பொருள் துறையில் பணிபுரிகின்றனர். புதிது புதிதாக எழுதுவதே அவர்களின் வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆனால் முன்பு எழுதியதை நீக்குவதும் அவ்வேலையின் இன்றியமையாத பகுதியாகும். அதன் தேவையையும் முறையையும் இக்கட்டுரையில் காண்போம்.

பழைய நிரல் என்பது யாது?

கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். பெரிய மென்பொருளைப் பலர் கூடிப் பல்லாண்டுகள் எழுதுவர். காலப்போக்கில் ஒரு வசதி வழக்கொழிந்து போகும். அதற்கென எழுதிய வரிகளோ உள்ளேயே தங்கிவிடும். எழுதியவர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார். "இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கேன் வம்பு?" என்று மற்றவர்கள் ஒதுங்கிக் கொள்வர். ஆனால் அவ்வரிகள் எப்போதும் சும்மா கிடப்பதில்லை.

விட்டுவைத்ததன் விளைவு

அமெரிக்காவில் நைட் கேப்பிட்டல் என்னும் பங்கு வணிக நிறுவனம் இருந்தது. அதன் மென்பொருளில் 'பவர் பெக்' என்றொரு பகுதி உண்டு. 2003-ஆம் ஆண்டிலேயே அதன் பயன்பாட்டை நிறுத்தினர், ஆனால் நீக்கவில்லை. ஆணை நிறைவேறியதா என்று கணக்கிட்டு நிறுத்தும் பகுதியை 2005-இல் வேறிடத்திற்கு மாற்றினர். அதன்பின் பவர் பெக்கை யாரும் சோதிக்கவில்லை.

2012-இல், பவர் பெக்கை இயக்கிய அதே குறியீட்டைப் புதிய வசதி ஒன்றுக்குக் கொடுத்தனர். எட்டு சர்வர்களில் ஏழில் மட்டுமே புதிய நிரல் ஏற்றப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று சந்தை திறந்ததும், எட்டாவது சர்வரில் உறங்கிய பழைய பகுதி விழித்துக்கொண்டது. வாடிக்கையாளரின் 212 ஆணைகளுக்காக, 45 நிமிடங்களில் 40 லட்சத்திற்கும் மேற்பட்ட ஆணைகளைச் சந்தைக்கு அனுப்பியது. நிறுத்தச் சொல்லும் கணக்குத்தான் அங்கே இல்லையே! நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டே அந்நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்துவிட்டது.

நீக்கும் முறை

அப்படியாயின் கண்டதையெல்லாம் அழித்துவிடலாமா? கூடாது. பலர் பங்கு கொண்ட மென்பொருளில் நமக்குத் தேவையற்றது பிறருக்குத் தேவைப்படலாம். எனவே முதலில், அப்பகுதியை வேறு எந்தப் பகுதியாவது அழைக்கிறதா என்று தேட வேண்டும். அடுத்து, உடன் பணிபுரிவோருக்கு அறிவித்து அவர்களது கருத்தைக் கேட்க வேண்டும். பின்னர்ச் சிறிது சிறிதாக நீக்கி, ஒவ்வொரு முறையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

முன்னோர் உழைப்பை அழிக்கிறோமே என்ற வருத்தமும் வேண்டாம். 'கிட்' போன்ற கருவிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கின்றன. நீக்கியதை மீண்டும் எடுக்கலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸை எழுதத் தொடங்கியது இன்டெல் 386 கணினியில்தான். அந்த 386-க்கான நிரலையே 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து நீக்கினர். அவரும் அதனை ஏற்றுக்கொண்டார். பழைய பதிப்புகளோ இன்றும் கிடைக்கின்றன.

நம் தமிழிலும் இதுபோன்று நடந்ததுண்டு. 'லை', 'ணை', 'னை' முதலிய எழுத்துக்களுக்கு முன்பு தனி வடிவங்கள் இருந்தன. 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று அவற்றை மாற்றியது. பாட்டிமார் வீட்டுப் பழைய நூல்களில் அவ்வடிவங்களை இன்றும் காணலாம்.

முடிவுரை

தோழியரே! நாளை நம்மில் சிலர் சிறுசேரியிலோ வேறிடத்திலோ கணினிமுன் அமரக்கூடும். பிறர் எழுதிய வரிகள் நம் கைக்கு வரும். பயனற்றதை அஞ்சி விட்டுவைக்காமலும், ஆராயாது அழிக்காமலும், கேட்டும் சோதித்தும் நீக்குவோமாக! நமக்குப்பின் வருவோர்க்கு அதுவே நாம் செய்யும் உதவி.

— பத்தாம் வகுப்பு மாணவி