புகைக்குழாய் ஏன் இறக்கைக்கு மேலே போனது?

கேள்வி: ஒரகடத்தில் கார் சைலன்சர் செய்யும் கம்பெனியில் வெல்டராக இருக்கிறேன். பழைய இரட்டை இறக்கைப் போர் விமானப் படங்களில் புகைக்குழாய் ஒன்றில் சிம்னி மாதிரி மேலே நிற்கிறது, இன்னொன்றில் பக்கவாட்டில் விமானி வரைக்கும் ஓடுகிறது, சிலதில் குழாயே காணோம். இதற்கு ஏதாவது கணக்கு உண்டா சார்? சைலன்சர் ஏன் வைக்கவில்லை?
– வாசகர், ஒரகடம்

பதில்: கணக்கு உண்டு. உங்கள் லைனில் குழாயின் வடிவத்தை முடிவு செய்வது பிஎஸ்-6 விதியும் சத்த அளவும். அங்கே முடிவு செய்தது, எஞ்சினுக்குப் பின்னால் திறந்த காக்பிட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் மூக்கும் கண்ணும்.

இந்தியாவுக்கு முதலில் வந்த ராணுவ விமானப் பிரிவு பிரிட்டனின் 31ஆம் ஸ்குவாட்ரன். 1915 கடைசியில் வந்து, பிறகு ரிசால்பூரில் இருந்து பறந்தது. அதன் பி.இ.2சி விமானத்தில் காற்றால் குளிரும் வி-8 எஞ்சின், சுமார் 90 குதிரைசக்தி. முன் இருக்கையில் இருப்பவர் வேவு பார்ப்பவர். எஞ்சின் அவர் முகத்துக்கு நேரே. புகையைப் பக்கத்தில் விட்டால் கார்பன் மோனாக்சைடு நேராக அவருக்குத்தான் போகும். வாசனை தெரியாது, தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுதான் தெரியும். அதனால் இரண்டு குழாய்களையும் மேல் இறக்கையைத் தாண்டி நிமிர்த்திவிட்டார்கள். பார்க்க லட்சணமில்லை, ஆனால் சரியான முடிவு. இறக்கையோ டோப் என்ற பூச்சு தடவிய லினன் துணி. நெருப்புப் பட்டால் அவ்வளவுதான்.

குழாயே இல்லாதவை ரோட்டரி எஞ்சின் விமானங்கள். சிலிண்டர்களே சுழலும்போது குழாயை எதில் பூட்டுவது? புகையும் எரியாத விளக்கெண்ணெயும் எஞ்சின் மூடிக்குள் கொட்டி, கீழே வெளியேறும். அதைக் குடித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியது என்று சொல்வார்கள். விளக்கெண்ணெய் தெரிந்த நமக்கு அதில் ஆச்சரியமில்லை.

பக்கவாட்டு நீளக்குழாய்க்கு நல்ல உதாரணம், நம் விமானப்படையும் ஓட்டிய ஹாக்கர் ஆடாக்ஸ். ஹார்ட் விமானத்தில் இருந்து பிறந்தது. நீளக்குழாயை வைத்தே அடையாளம் சொல்லலாம். குட்டைக் குழாயில் இரவில் தீ நாக்கு கண்ணைக் கூசும். நீளக்குழாய் அதை உள்ளேயே அடக்கி, புகையையும் பின்னால் தள்ளிவிடும். ஆனால் உங்களுக்குத் தெரிந்த தலைவலி ஒன்று வரும். 2 மீட்டர் எஃகுக் குழாய் 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 14 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுக்கிப் பூட்டினால் வெல்டிங் விரிசல் விடும். ஒரு முனை நகர இடம் விட்டே தாங்கிகளை அமைக்க வேண்டும். உங்கள் காரில் பெல்லோஸும் ரப்பர் ஹேங்கரும் செய்வது இதே வேலைதான்.

சைலன்சர்? எடை, பின்னழுத்தம் இரண்டுமே எதிரி. இருக்கும் 90 குதிரைசக்தியில் நாலைந்து போனாலும் ஏறுவது தள்ளாடும். போதாக்குறைக்கு, பாதி இரைச்சல் புரொப்பெல்லருடையது. அதற்கு எந்த சைலன்சரும் கிடையாது.

இந்தக் கால விமானம் ஒன்றை நேரிலும் பார்க்கலாம். 1933இல் நம் விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது பறந்தது வெஸ்ட்லாண்ட் வபிட்டி. இரண்டாம் உலகப்போர்த் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையைக் காவல் காத்ததும் அதுவே. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. போனால் இறக்கையை விட்டுவிட்டு முதலில் மூக்குப் பக்கம் போய் குழாய் இணைப்புகளைப் பாருங்கள்.