தொலைவின் விலை

நோய்க்கு ஆகும் செலவைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் மருத்துவரின் கட்டணத்தையும் மருந்தின் விலையையும் மட்டுமே கூட்டுவர். கம்பம் பகுதியில் வாழும் வேளாண் தொழிலாளி ஒருவருக்கு அக்கணக்குப் பொருந்தாது. தேனியிலுள்ள மருத்துவமனைக்கு அவர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் செல்லவேண்டும். பேருந்துக் கட்டணம், அன்றைய கூலியிழப்பு, பார்வை மங்கியவராயின் கைபிடித்து அழைத்துச் செல்லும் மகனின் கூலியிழப்பு, வழியில் உண்ணும் உணவு ஆகிய யாவும் அவர் கணக்கில் சேரும். மருத்துவம் கட்டணமின்றிக் கிடைத்தாலும் அவருக்கு அது இலவசமன்று.

ஊர்ப்புறங்களில் நடைபெற்ற இலவசக் கண் மருத்துவ முகாம்கள் இவ்வுண்மையைப் புலப்படுத்தின. கண் குறைபாடு உடையோரில் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்தனர் என 1999இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. அச்சமும் செலவும் குடும்பப் பொறுப்புகளும் ஏனையோரைத் தடுத்திருந்தன.

மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. அந்நிறுவனம் 2004ஆம் ஆண்டளவில் தேனிப் பகுதியில் பார்வை மையங்களை அமைக்கத் தலைப்பட்டது. அம்மையங்களில் கண் மருத்துவர் இருப்பதில்லை. பயிற்சி பெற்ற பணியாளர்கள் (இவர்களுள் பெரும்பாலோர் ஊர்ப்புறத்துப் பெண்கள்) கருவிகளால் கண்ணைச் சோதித்து, படங்களையும் குறிப்புகளையும் மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்குள்ள மருத்துவர் அவற்றை ஆராய்ந்து, காணொலி வழியே நோயாளியிடம் உரையாடி முடிவு கூறுவார். கண்ணாடியோ சொட்டு மருந்தோ போதுமெனில், நோயாளி அம்மையத்திலேயே அதனைப் பெற்று வீடு திரும்பலாம்.

தொலைமருத்துவம் செலவைக் குறைக்கிறதா என்னும் வினாவுக்கு விடை அத்துணை எளிதன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2011 முதல் 2013 வரை பதிவான காப்பீட்டுக் கணக்குகளை ஆராய்ந்த ஆய்வு 2017இல் வெளியாயிற்று. சளி, இருமல் முதலிய சுவாசத் தொற்றுகளுக்குத் தொலைவழி ஆலோசனை பெற்றோரை அது கருத்திற்கொண்டது. ஒரு தொலைவழி ஆலோசனைக்கான செலவு, நேரில் மருத்துவரைக் காண்பதற்கான செலவில் ஏறத்தாழ பாதிதான். எனினும் அவ்வாலோசனைகளுள் 12 விழுக்காடு மட்டுமே நேர்ச் சந்திப்புக்கு மாற்றாக அமைந்தன. எஞ்சிய 88 விழுக்காடும் புதியவை. அவ்வசதி இல்லாதிருந்தால் நிகழ்ந்திரா. நூறு ஆலோசனைகளை எண்ணிப்பார்த்தால், மிச்சமாவது 12 முழுக் கட்டணம். செலவாவது 100 அரைக் கட்டணம். ஆகவே அந்நோய்களுக்கான ஆண்டுச் செலவு, தொலைவழி ஆலோசனை பெற்ற ஒருவருக்கு 45 டாலர் கூடியது. சளி, மருந்துண்டால் ஏழு நாளிலும் உண்ணாவிடில் ஒரு வாரத்திலும் நீங்கும் என்று நம்மவர் நகைச்சுவையாகக் கூறுவதை இங்கு நினைக்கலாம்.

அவ்வாறெனின் புதிய ஆலோசனைகள் யாவும் வீண் என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. தாமாகவே நீங்கும் சளிக்கு ஆலோசனை பெருகுவது வேறு. கண் அழுத்த நோயைக் கண்டறியும் சோதனை பெருகுவது வேறு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றியே பார்வையைக் கவர்ந்துவிடும். நீரிழிவால் விழித்திரை பழுதுறுவதையும் தொடக்கத்தில் நோயாளி உணர்வதில்லை. இழந்த பார்வையை இவ்விரு நோய்களிலும் பெரும்பாலும் மீட்க இயலாது. முகாமுக்கு வராத மக்களுள் எத்துணைப் பேரை ஒரு பார்வை மையம் வரவழைக்கிறதோ, அத்துணைப் புதிய செலவும் அங்கே வேண்டப்படும் செலவேயாகும்.

இந்திய அரசு 2020 மார்ச் 25ஆம் நாள் தொலைமருத்துவத்துக்கான நெறிமுறைகளை வெளியிட்டது. மருத்துவர் எவ்வெம்மருந்துகளைத் தொலைவிலிருந்து எழுதலாம், எவற்றை எழுதலாகாது என்பதை அவை வரையறுக்கின்றன. அரசின் இ-சஞ்சீவனி சேவையில் நோயாளி கட்டணம் செலுத்துவதில்லை. செலவை அரசு ஏற்கிறது.

வயிற்றைத் தொட்டு அழுத்திப் பார்க்கவேண்டிய நோயில் காணொலி உதவாது. அத்தகைய ஆலோசனை, ‘நேரில் வருக’ என்பதோடு முடிந்தால் மருத்துவரின் நேரம் இருமுறை செலவாகும். பார்வை மையத்தில் கண்புரை கண்டறியப்பட்டவரும் அறுவை மருத்துவத்துக்கு மருத்துவமனைக்குத்தான் செல்லவேண்டும். ஆனால், எதற்காகப் பேருந்து ஏறுகிறோம் என்பதை அவர் முன்னரே அறிந்திருப்பார்.